படம் ஏன் வரவில்லை?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என நம் பகுதியில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தாலும் மாடிகளில் டிஷ் ஆண்டெனாக்களைக் காணலாம். அவை பொழுதுபோக்கிற்கு மட்டும் உரியவை அல்ல. 2020-ஆம் ஆண்டில் கொரோனாவினால் பள்ளிகள் மூடியிருந்தபோது பாடங்களே தொலைக்காட்சி வழியாக வந்தன. ஆகவே, படம் வராவிட்டால் பழுது எங்கே என்று அறிவது நமக்குப் பயன் தரும்.

2015-ல் ஏவப்பட்ட நம் நாட்டின் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. தூர்தர்ஷனின் கட்டணமில்லா ஃப்ரீ டிஷ் சேவை இதன் வழியே வருகிறது. வேலூரிலிருந்து நோக்கினால் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில் இருக்கும்.

டிஷ் திரட்டும் அலைகளை, அதன் முன்னே நீட்டிய கம்பியிலுள்ள எல்.என்.பி. என்னும் சிறு கருவி பெற்று, கேபிளில் செல்லத்தக்கவாறு அதிர்வெண்ணைக் குறைத்து அனுப்புகிறது. அலைகள் செங்குத்து, கிடை என இருவகை. எது வேண்டும் என்று செட்டாப் பாக்ஸ் அதே கேபிள் வழியே மின்னழுத்தத்தால் கட்டளையிடுகிறது. 13 வோல்ட் என்றால் செங்குத்து. 18 வோல்ட் என்றால் கிடை. இதனுடன் 22 கிலோஹெர்ட்ஸ் அதிர்வையும் சேர்த்தால் யுனிவர்சல் வகை எல்.என்.பி. உயர் அலைவரிசைப் பகுதிக்கு மாறும். இரண்டு செயற்கைக்கோள்களைப் பார்க்கும் வீடுகளில், எந்த எல்.என்.பி. என்று தேர்ந்தெடுக்க டைசெக் ஸ்விட்ச் உண்டு. படம் கீழே வரும் கம்பியிலேயே கட்டளை மேலே போவது விந்தை அல்லவா!

இனி, பழுதை அறியும் வழிகளைக் காண்போம்.

1. எல்லாச் சேனல்களும் மறைந்தால், கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது காற்றில் டிஷ் திரும்பியிருக்கலாம்.

2. கனமழையில் மட்டும் மறைந்தால், மழைத்துளிகள் அலையை விழுங்குகின்றன. மழை விட்டதும் படம் தானே திரும்பும்.

3. ஒரு செயற்கைக்கோளின் சேனல்கள் மட்டும் மறைந்தால், டைசெக் ஸ்விட்சையும் பாக்ஸில் குறித்துள்ள போர்ட் எண்ணையும் பார்க்க வேண்டும்.

4. கிடை அலைச் சேனல்கள் மட்டும் மறைந்தால், 18 வோல்ட் மேலே போய்ச் சேரவில்லை என்று ஐயுறலாம். நீளமான மட்டக் கேபிளும் துருவேறிய இணைப்பும் மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும்.

கடைசிக் காரணத்தை நம் ஊரார் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். தோல் பதனிடும் இடங்களில் உண்டாகக்கூடிய ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பைக் கறுக்கச் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரும் இணைப்பில் புகுந்தால் கேட்க வேண்டியதில்லை. இணைப்பை நீர் புகாத டேப்பினால் சுற்றி, கேபிளைச் சற்றே கீழ்நோக்கி வளைத்துவிட்டால் நீர் வழிந்தோடும்.

கேபிளைத் தொடுமுன் பாக்ஸின் மின் இணைப்பை நீக்குவதும், இடி மின்னல் வேளையில் மாடிக்குச் செல்லாதிருப்பதும், பெரியவர் துணையின்றி ஏணியில் ஏறாதிருப்பதும் இன்றியமையாதவை.

காரணம் அறியாமல் எல்.என்.பி.யை மாற்றினால், துருவேறிய இணைப்பு அப்படியே இருக்கும், பழுதும் தீராது. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் தாய் ஒருவர் மெக்கானிக்குக்காக விடுப்பு எடுத்தால், ஒரு நாள் கூலியும் போய்விடுகிறது. எந்தச் சேனல் வருகிறது, எது வரவில்லை என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. அந்தக் குறிப்பை எழுத நம்மால் இயலும் அன்றோ?

— பத்தாம் வகுப்பு மாணவி