கல்லைத் துகளாக்கும் ஒளி

மனிதரை வருத்தும் நோவுகளுள் கல்லடைப்பு மிகக் கொடியது. விலாவின் பின்புறத்தே தோன்றி அடிவயிறுவரை பாயும் அவ்வலி எழுந்துவிட்டால், நோயாளிக்கு நிற்கவும் இயலாது, படுக்கவும் இயலாது. சிறுநீரிற் கரைந்து வெளியேறவேண்டிய உப்புக்கள், நீர் போதாமை முதலிய காரணங்களாற் படிகமாகித் திரண்டு கல்லாகின்றன. அக்கல் சிறுநீரகத்தை விட்டு இறங்கி, ஒடுங்கிய சிறுநீர்க்குழாயை அடைக்கும்போதே கடும் வலி பிறக்கின்றது.

முற்காலத்தில், தானாக வெளியேறாத கல்லுக்குக் கத்தியே கதி. ஆங்கில நாட்குறிப்பாசிரியரான சமுவேல் பீப்ஸ் 1658ஆம் ஆண்டில், தமது இருபத்தைந்தாம் வயதில், சிறுநீர்ப்பையிலிருந்த கல்லை அறுத்து எடுப்பித்தார். மயக்கமருந்து வழக்கிற்கு வராத காலம் அது. உயிர் பிழைத்த அவர், அந்நாளை ஆண்டுதோறும் விருந்திட்டு நினைவுகூர உறுதிபூண்டார்.

பின்னாளில் மயக்கமருந்து வந்து சத்திரசிகிச்சையின் வேதனையைப் போக்கியது. ஆனால், கத்தியின் தேவை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நீங்கவில்லை. 1980இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில், உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லை நொறுக்கும் முறை முதன்முதலாக நோயாளி ஒருவருக்குக் கையாளப்பட்டது. அது பெரும் முன்னேற்றமே. எனினும், மிகக் கடினமான கற்கள் அவ்வலைகளுக்கு எளிதில் உடைவதில்லை. நொறுங்கிய துண்டுகளும் தாமாகவே வெளியேறவேண்டியுள்ளன.

இதற்கிடையில் வேறொரு முயற்சியும் நடந்துவந்தது. 1960இல் அமெரிக்க விஞ்ஞானி தியடோர் மைமன், மாணிக்கப் படிகமொன்றைக் கொண்டு முதலாவது லேசரை இயக்கினார். சாதாரண விளக்கொளி எத்திசையும் சிதறிப் பரவும். லேசர் ஒளியோ ஒரே நிறத்ததாய், ஒருமுகப்பட்டு, சிறு புள்ளியிற் பெருஞ்சக்தியைக் குவிக்க வல்லது. 1968இல் மாணிக்க லேசரைச் சிறுநீர்க் கற்களின்மீது செலுத்திப் பார்த்தனர். கல் உடைந்தது, ஆனால், உண்டான வெப்பம் உடல் தாங்கத்தக்கதாய் இருக்கவில்லை. 1980களிற் பயன்பட்ட சாயத் திரவ லேசரும் சில வகைக் கற்களிடம் தோற்றது. 1990களிற் கையாளப்பட்ட ஹோல்மியம் லேசரே எவ்வகைக் கல்லையும் உடைக்க வல்லதாயிற்று.

அதன் வெற்றிக்குக் காரணம் நீரே. ஹோல்மியம் லேசரின் ஒளி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. அதனை நீர் விரைந்து உறிஞ்சிக்கொள்ளும். மயக்கத்திலிருக்கும் நோயாளியின் சிறுநீர் வழியே மெல்லிய நோக்குக்குழாயொன்றை மருத்துவர் செலுத்துகின்றார். தோலில் ஒரு கீறலும் இல்லை. அக்குழாயினூடே நூலளவான கண்ணாடி இழையொன்று கல்லைச் சென்றடைகின்றது. இழையின் நுனியிலிருந்து ஒளி துடிப்புத் துடிப்பாகப் பாய, கல்லினுள் உள்ள நீர் சூடேறி விரிந்து, கல்லைப் பிளக்கின்றது. நுனிக்கு அப்பால் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தூரத்துக்குள் நீர் அவ்வொளியிற் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால், அருகிலுள்ள உறுப்புச் சுவர் காக்கப்படுகின்றது. எனினும், வெப்பம் மிகாதவாறு உப்புநீரை இடையறாது பாய்ச்சுதல் இன்றியமையாதது.

2020ஆம் ஆண்டையொட்டி வழக்கிற்கு வந்த தூலியம் இழை லேசர் இவ்வழியில் அடுத்த படியாகும். அதன் ஒளியை நீர் ஏறத்தாழ நான்கு மடங்கு வலுவாக உறிஞ்சுகின்றது. ஆதலால், கல் மிக நுண்ணிய தூளாகின்றது. இழையும் மேலும் மெலிதாயிற்று. ஆயின், எல்லார்க்கும் லேசர் வேண்டுவதில்லை. சிறு கற்கள் பல தாமே வெளியேறும். மிகப் பெரிய கற்களுக்கு முதுகுப்புறத்தே சிறு துளையிட்டு அணுகும் முறையே பெரும்பாலும் உகந்தது.

இன்னும் ஓர் உண்மையை மறத்தலாகாது. லேசர் கல்லை நீக்குமேயன்றிக் கல் தோன்றும் காரணத்தை நீக்காது. 1996இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், முதன்முறை கல் கண்ட 199 பேர் இரு பகுதியினராக ஐந்தாண்டுகள் கவனிக்கப்பட்டனர். நாள்தோறும் இரண்டு லீற்றருக்குக் குறையாது சிறுநீர் கழியுமளவு நீர் பருகுமாறு பணிக்கப்பட்ட 99 பேருள் 12 பேருக்கே கல் மீண்டது. வழக்கத்தை மாற்றாத 100 பேருள் 27 பேருக்கு மீண்டது. வெயிலில் வியர்வை சிந்தி உழைப்போர் இதனைச் சிறப்பாகக் கருத்திற்கொள்ளல் வேண்டும். இதயநோய் முதலியவற்றால் நீரைக் குறைக்குமாறு கூறப்பட்டோர் மட்டும் மருத்துவர் சொற்படி நடத்தல் முறை.

கல்லை உடைக்கும் ஒளி நீரின் துணைகொண்டே வேலை செய்கின்றது; கல் மீளாமற் காக்க உதவுவதும் அந்நீரே. முன்னதற்கு விலையுயர்ந்த பொறியும் தேர்ந்த மருத்துவரும் வேண்டும். பின்னதற்கு வீட்டுக் குடிநீரும் விடாப் பழக்கமும் போதும்.