ஜாக்சன் முன்னால் ஒரு நிமிடம்

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் குழாய் ரேடியோ கட்டினால், பாட்டுக்கு நடுவே 'வீரபாண்டிய கட்டபொம்மன்' கதை வசனமும் ஓடும். சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றி, 1959-இல் படமாகவும் வந்தது. கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். ஒன்பதாம் வகுப்பில் நாடகப் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது, வேறு கதை என்ற பேச்சே எழவில்லை. 15 நிமிடம், 8 பேர். குரல் பெரிசு என்பதால் கட்டபொம்மன் நான்.

முதல் ஒத்திகையைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்த வரலாற்று டீச்சர், "மைக்கே வேண்டாம் போலிருக்கே" என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். கிஸ்தி பாக்கிக்காக வரச் சொன்ன கலெக்டர் ஜாக்சனைத் தேடி, குற்றாலம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கட்டபொம்மன் அலைந்திருக்கிறார். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் பார்க்க முடிந்தது. அங்கேயும் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்களாம். "அதைக் காட்டுங்கடா. வசனம் அப்புறம்." அந்தச் சந்திப்பால் ஜாக்சனுக்குக் கலெக்டர் பதவியே போனது என்றதும் எங்கள் ஜாக்சன் முகம் வாடிவிட்டது.

நிற்பது லேசு என்று நினைத்திருந்தேன். பேசாமல் ஒரு நிமிடம் நின்றால் கையை எங்கே வைப்பது? இடுப்பில் வைத்தால் சண்டைக்காரன், கட்டினால் வாத்தியாரிடம் மாட்டியவன், தொங்கவிட்டால் பிரேயரில் நிற்பவன். நாலு நாள் இதிலேயே போனது. "நீ ஒண்ணும் செய்யாதே. ஜாக்சன் உன்னைப் பார்க்காம இருந்தாப் போதும்" என்றார் டீச்சர். நிற்பவனின் அவமானத்தை உட்கார்ந்திருப்பவன் நடிக்க வேண்டுமாம். ஜாக்சன் காகிதம் புரட்டினான், கண்ணாடியைத் துடைத்தான், மறுபடி புரட்டினான். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

மற்றதெல்லாம் வழக்கம்போல: அட்டை வாள், அம்மாவின் பட்டுச்சேலை, அடுப்புக்கரி மீசை.

மேடையில் ஒரே மைக், நட்டநடுவில். ஜாக்சனின் நாற்காலியை அதனடியில் போட்டோம். காகிதம் புரளும் சத்தம் குழாய் வழியே மைதானம் முழுக்கக் கேட்டது. கூட்டம் அடங்கிவிட்டது. அரை நிமிடம் ஆகியிருக்காது. பையன் வசனத்தை மறந்துவிட்டான் பாவம் என்று நினைத்து, பின்னாலிருந்து ஒரு பெரியவர் சிவாஜி வசனத்தை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் மைதானமே சேர்ந்து சொல்ல ஆரம்பித்தது.

எங்களுக்கு மூன்றாம் பரிசு, ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். முதல் பரிசு வாங்கிய பள்ளியும் கட்டபொம்மன்தான் போட்டிருந்தது. சினிமா வசனம், எழுத்து பிசகாமல்.