தெள்ளு சொல்லும் எண்

ஆற்றில் கலக்கும் ரசாயனம் எவ்வளவு நஞ்சு என்று கேட்டால், உலகின் பல ஆய்வகங்களில் பதில் சொல்வது டாஃப்னியா மேக்னா. இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த நன்னீர்த் தெள்ளு இது. முழுதாக வளர்ந்தாலும் 5 மில்லிமீட்டர்தான். உடலே கண்ணாடி மாதிரி இருப்பதால், இதயம் துடிப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 202-ஆம் நெறிமுறைப்படி, பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகள் வேண்டும், ரசாயனத்தின் ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது 20. தலையீற்றுக் குஞ்சுகள் கூடாது. ரசாயனம் கலந்த நீரில் 48 மணி நேரம் விட்ட பின் குவளையை மெல்ல ஆட்டுவார்கள். 15 நொடிக்குள் நீந்தாதது முடங்கியதாகக் கணக்கு. இத்தனை சிறிய உயிரில் சாவை உறுதிசெய்வது கடினம் என்பதால் இந்த ஏற்பாடு. பாதிக் குஞ்சுகளை முடக்கும் செறிவே அந்த ரசாயனத்தின் எண்.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கொடுத்து ஆய்வகங்கள் தங்கள் தெள்ளுகளைச் சரிபார்ப்பது வழக்கம். 24 மணி நேரத்தில் பாதியை முடக்கும் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் வந்தால் சரி. தெரிந்த நஞ்சு, ஒரே இனம், ஒரே முறை; அப்படியும் மூன்றரை மடங்கு வித்தியாசத்தை ஏற்கிறார்கள்! தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் போட்டு அறிக்கை எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

சூழல் சாதகமாக இருந்தால் டாஃப்னியா ஆண் துணையின்றியே பெண் குஞ்சுகளை ஈனும். அதனால் ஓர் ஆய்வகத்தின் கூட்டம் முழுதும் ஒரே தாயின் நகல்களாக இருக்கலாம். அங்கே முடிவுகள் ஒத்துப்போகும். அடுத்த ஆய்வகத்தில் இருப்பதோ வேறு வம்சம். ஒரு வம்சத்தை முடக்கும் காட்மியம் இன்னொன்றை அதே அளவில் அவ்வளவாகத் தொடுவதில்லை. தண்ணீரும் சும்மா இருப்பதில்லை. கடின நீரின் கால்சியம் உலோகங்களோடு போட்டியிட்டு அவை உடலில் ஏறுவதைக் குறைக்கும். மக்கிய இலைகளின் கரைபொருள்கள் செம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆய்வக நீரில் கொல்லும் செம்பு குளத்தில் கொல்லாமல் போவது இதனால்தான்.

இவற்றையெல்லாம் கவனமாக இருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். என் சந்தேகம் அந்த 48 மணி நேரத்தின் மீதுதான். ஜெர்மனியின் லாண்டாவ் ஆய்வாளர்கள் டைட்டானியம் டை ஆக்சைடு நுண்துகள்களை வைத்துச் செய்த சோதனையை 2011-இல் வெளியிட்டார்கள். துகள்கள் தெள்ளின் மேல் பூச்சாகப் படிந்தன. முதல் தோலுரிப்பில் பூச்சு கழன்றது. புதுத் தோலிலும் மறுபடி படிந்தது. இரண்டாவது முறை பெரும்பாலானவற்றால் தோலை உரிக்க முடியவில்லை, செத்தன. சோதனையை 96 மணி நேரத்துக்கு நீட்டியதால்தான் இது தெரிந்தது. வழக்கமான கெடுவோடு குவளையைக் கழுவி வைத்திருந்தால், பெரிய பாதிப்பு இல்லை என்றே எழுதியிருப்பார்கள்.

எத்தனை குஞ்சு ஈன்றது என்று 21 நாள் எண்ணிப் பார்க்கும் நீண்ட சோதனையும் உண்டு. அதற்குச் செலவு அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு ரசாயனம் ஆண்டுக்கு ஒரு டன் தயாரானாலே பொதுவாகக் குறுகிய சோதனை தேவை. நீண்டதை 100 டன்னுக்கு மேல்தான் வழக்கமாகக் கேட்கிறார்கள்.