பாதி விலைக்கு வந்த கார், குறையாத பில்

வாகனக் காப்பீட்டில் காருக்குக் குறிக்கப்படும் மதிப்பை எல்லாரும் ஐடிவி என்று சொல்வார்கள். அதற்கு ஒரு கணக்கு உண்டு. நான்கு வயதைத் தாண்டி ஐந்தை நெருங்கும் காருக்கு ஷோரூம் விலையில் சரிபாதிதான் மதிப்பு. 80 லட்ச ரூபாய் ஜெர்மன் கார் 40 லட்சமாகிவிடும். ஐந்து வயதைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதுதான் விலை. ஆனால் அதே காரின் ஹெட்லைட்டுக்கு வயதே ஆவதில்லை. புதுக் காருக்கு என்ன விலையோ அதே விலைதான் பழைய காருக்கும். சொகுசுக் கார் சர்வீஸைப் பற்றி நாம் கேட்கும் புலம்பல்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

முதல் உரிமையாளருக்கு இது அதிகம் உறைப்பதில்லை. வாரன்டி இருக்கிறது, கார் வாங்கும்போதே சர்வீஸ் பேக்கேஜும் சேர்த்துப் போட்டிருப்பார், சில ஆண்டுகளில் காரை மாற்றியும் விடுவார். அடி வாங்குபவர் இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர். புதிதாக வரும் நடுத்தரக் காரின் விலைக்கு ஏழெட்டு வயது பென்ஸ் கிடைக்கிறதே என்று, வருடக்கணக்கில் மனதில் வைத்திருந்த ஆசையில் வாங்கியவர் அவர். பணத்துக்குக் கணக்கு பார்க்காத பெரும்பணக்காரர் அல்ல. அவர் கையில் வரும் பில்லை அவரே பிரித்துப் படிக்கத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

முதலில் லேபர். கம்பெனி சர்வீஸில் உங்கள் காருக்கு மெக்கானிக் உண்மையில் எத்தனை மணி நேரம் செலவழித்தார் என்பதைப் பார்த்துக் கூலி போடுவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று தயாரிப்பு நிறுவனம் முன்பே வகுத்து வைத்திருக்கிறது. பி.எம்.டபிள்யூ. இதை ஐந்து நிமிட அலகுகளாகப் பிரிக்கிறது. பன்னிரண்டு அலகு சேர்ந்தால் ஒரு மணி நேரம். அந்த அலகுகளை டீலரின் மணிக்கட்டணத்தால் பெருக்கினால் வருவதுதான் லேபர் சார்ஜ். கைதேர்ந்தவர் சீக்கிரம் முடித்தாலும் அதே தொகை, புதியவர் தடுமாறி இழுத்தாலும் அதே தொகை. இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. ரேடியேட்டருக்காக முன் பம்பரைக் கழற்றியாயிற்று, அதே வேளையில் ஏசி கண்டென்சரும் மாற்றுகிறார்கள் என்றால், பம்பரைக் கழற்றி மாட்டும் நேரம் ஒருமுறைதான் கணக்கில் வர வேண்டும். இரண்டு வேலைக்கும் தனித்தனியே முழு நேரம் ஏறியிருந்தால் நீங்கள் இருமுறை கொடுக்கிறீர்கள். எஸ்டிமேட் போடும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் அங்கேயே திருத்திவிடுவார்கள்.

அடுத்து உதிரிபாகம். கார் நிறுவனங்கள் தங்கள் காரில் உள்ள எல்லாவற்றையும் தாங்களே செய்வதில்லை. பல பி.எம்.டபிள்யூ. கார்களின் எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இசட்.எஃப். நிறுவனத்துடையது. இன்ஜெக்டர் போஷ், ஃபில்டர் மான் அல்லது மாலே என்று பட்டியல் நீளும். அதே தொழிற்சாலைப் பொருள் கார் நிறுவனத்தின் முத்திரையுள்ள பெட்டியில் வரும்போது ஒரு விலை, செய்தவரின் சொந்தப் பெட்டியில் வரும்போது வேறொரு விலை. இரண்டாவது வகையை போலி என்று ஒதுக்குவது சரியல்ல. போலிகள் சந்தையில் தாராளமாக இருக்கின்றன என்பதும் உண்மை. பிரேக் பேடிலும் ஏர்பேகிலும் அந்த ஆபத்தை யாரும் ஏற்கக் கூடாது.

வரி விஷயத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. பெரும்பாலான வாகன உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். லேபருக்கு முன்பும் இப்போதும் 18 சதவீதம்தான். வரிக்கு முன் ஒரு லட்ச ரூபாய் பாகத்தில் மட்டும் பத்தாயிரம் ரூபாய் மிச்சமாக வேண்டும். பழைய பில் இருந்தால், அதே பாகத்தின் வரிக்கு முந்தைய விலை ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி பில்லின் வால்பகுதி. இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், துருத் தடுப்புப் பூச்சு, எலி விரட்டி ஸ்ப்ரே. தயாரிப்பாளர் கொடுத்த சர்வீஸ் அட்டவணையில் இவற்றில் பெரும்பாலானவை இருக்காது. பல இடங்களில் சர்வீஸ் அட்வைசருக்கு மாத இலக்கு இருக்கிறது. எதிரே நிற்கும் அந்த இளைஞர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. “கம்பெனி அட்டவணையில் உள்ளதை மட்டும் செய்யுங்கள், மற்றது எதுவானாலும் என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்” என்று ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் போதும்.

விலையை விடத் தரம்தான் எனக்குப் பெரிய கவலை. கம்பெனி சர்வீஸ் சிறந்து நிற்கும் இடங்கள் உண்டு: ரீகால் வேலைகள், மென்பொருள் மேம்படுத்தல், வாரன்டிக்குள் வரும் பெரிய பழுதுகள். இவற்றில் வெளி மெக்கானிக் போட்டியிட முடியாது. பலவீனம் பழைய காரில் தெரிகிறது. மெர்சிடஸ் காரின் ஏர் சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்வோம். காற்றுப் பை ஒன்றில் வயதால் மெல்லிய வெடிப்பு விழும். காற்று கசியும். இழந்த காற்றை நிரப்ப கம்ப்ரெஸர் ஓய்வில்லாமல் ஓடும். ஓடி ஓடி அதுவும் எரிந்துபோகும். ஸ்கேனரை மாட்டினால் திரையில் கம்ப்ரெஸர் பழுது என்றுதான் வரும். திரையை மட்டும் நம்புகிறவர் கம்ப்ரெஸரை மாற்றி, பெரிய பில் கொடுத்து அனுப்பிவிடுவார். கசிவு அப்படியே இருக்கும். சில மாதங்களில் புது கம்ப்ரெஸரும் போகும். சோப்பு நீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கும் பழைய கைப்பழக்கம் இருந்திருந்தால் முதல் நாளே கசிவு பிடிபட்டிருக்கும். லட்சங்களில் விலையுள்ள கருவி தடயத்தைத்தான் காட்டும், காரணத்தைக் கண்டுபிடிக்க மனிதர் வேண்டும். அதனால் காரை விடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி “எவ்வளவு ஆகும்” என்பதல்ல, “இந்தப் பாகம் ஏன் கெட்டது” என்பது. பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பாகத்தை மாற்ற அனுமதி கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, கியர் ஆயில். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று பல சர்வீஸ் சென்டர்களில் சொல்வார்கள். பல பி.எம்.டபிள்யூ. கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்யும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், மாற்றச் சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது? கியர்பாக்ஸ் முழுதாகப் போனால் ஆகும் செலவை நினைத்தால், செய்தவர் பேச்சைத்தான்.

இவ்வளவு இருந்தும் வெளியே போக ஏன் தயங்குகிறார்கள்? பி.எம்.டபிள்யூ.வில் பேட்டரி மாற்றினாலும் புது பேட்டரியைக் காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் ஏற்றும். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில் பின்சக்கர பேட் மாற்றுவதற்குக்கூட ஸ்கேனர் வழியாக பிரேக்கைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். மெர்சிடஸின் சென்ட்ரி, பி.எம்.டபிள்யூ.வின் இஸ்டா போன்ற கண்டறி மென்பொருள் யாரிடம் இருக்கிறதோ, சாவி அவரிடம்.

இந்தச் சாவியைப் பூட்டி வைத்ததுதான் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வழக்காக வந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பி.எம்.டபிள்யூ., மெர்சிடஸ் பென்ஸ், ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவோடு மாருதி, டாடாவும் அந்தப் பட்டியலில் இருந்தன. உதிரிபாகங்களையும் கண்டறி கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்தது குற்றம் என்றது ஆணையம். அபராதத்தை விட முக்கியமானது அந்த உத்தரவில் இருந்த ஒரு கட்டளை: வெளியே பழுதுபார்த்தார் என்பதற்காக மட்டும் வாரன்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது, வெளியில் நடந்த தவறான வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டும்தான் மறுக்கலாம். நிறுவனங்கள் சில சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், சில மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போயின. 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் தொடர்பான மேல்முறையீட்டில் அபராதத்தைக் குறைத்தது; தவறு நடந்தது என்ற முடிவை மாற்றவில்லை. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் திறந்தபோது, அதில் வாகனத் துறையும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும், வெளியே தொட்டால் வாரன்டி போய்விடும் என்ற மிரட்டல் சர்வீஸ் கவுன்டர்களில் கேட்கத்தான் செய்கிறது. அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

வெள்ளம் வந்தால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காரை முழு இழப்பு என்று முடித்துவிடலாம். ஐடிவி தேய்ந்துபோன பழைய சொகுசுக் காரில், கம்பெனி விலையில் இன்ஜினும் வயரிங்கும் எஸ்டிமேட் போட்டால் அந்தக் கோட்டைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. இன்ஜின் பாதுகாப்புக் கூடுதல் பாலிசி இல்லாமல், நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால், அதற்குப் பணம் கிடைப்பதே சிரமம். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னைக்காரர்கள் ஐடிவியைக் குறைத்துப் பிரீமியம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சண்டை என்று வந்துவிட்டால் ஒரு நுணுக்கம். டீலர் தயாரிப்பாளரின் ஊழியர் அல்ல, தனி வியாபாரி. டீலர் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாவிட்டால் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021இல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் புகார் மின்னஞ்சலை முதல் நாளிலிருந்தே கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்தே அனுப்புங்கள். கார் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை: இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு நிறுவனம் வாங்கிய மெர்சிடஸை வணிக நோக்கம் என்று சொல்லி நுகர்வோர் வழக்கைத் தள்ள முடியாது என்று 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் தீர்த்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சர்வீஸ் பில் பற்றிய வழக்கில் கணக்கில் வருவது காரின் விலை அல்ல, அந்தச் சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை. அது 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும். ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில் மூன்றையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.