கொல்லையில் நாலு மிளகாய்ச் செடி!

அடுப்பில் சட்டி காய்கிறது. தாளிக்க இரண்டு பச்சை மிளகாய் வேண்டும். வீட்டில் இல்லை. கடைக்கு ஆள் ஓடுகிறது!

கொல்லையில் நாலு மிளகாய்ச் செடி இருந்தால் இந்த ஓட்டம் எதற்கு? கொல்லை இல்லையா? வெயில் படும் மொட்டை மாடியில் தொட்டி வைக்கலாம்.

"நானும்தான் வைத்தேன். பட்டுப்போய்விட்டது" என்று சிலர் சொல்வார்கள். தண்ணீர் ஊற்றாததாலா? அல்ல. பல வீடுகளில், அதிகமாக ஊற்றியதால்!

பெயர் வந்த கதை

மிளகாய் நம் நாட்டுச் செடி அல்ல. அது பிறந்த இடம் அமெரிக்கக் கண்டம். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் அதை இங்கே கொண்டு வந்தார்கள். அதற்கு முன் நம் சமையலுக்குக் காரம் தந்தது மிளகு. மிளகு போல உறைக்கும் காய் என்பதால் மிளகாய் ஆயிற்று. விருந்தாளியாக வந்தது, வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது!

நாற்று விடும் முறை

நன்றாகப் பழுத்துக் காய்ந்த மிளகாயிலிருந்து விதை எடுங்கள். மண்ணோடு மக்கிய சாண எருவைக் கலந்து, கால் அங்குல ஆழத்தில் விதையுங்கள். இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். அப்போது தண்ணீரைத் தெளிக்க வேண்டும், கொட்டக் கூடாது. ஈரம் மிஞ்சினால் நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும்.

சுமார் 40 நாளில் நாற்றைப் பிடுங்கி, மாலை வேளையில் நடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். தொட்டியானால் ஒன்றுக்கு ஒரு செடி போதும். தொட்டியின் அடியில் துவாரம் இருக்கட்டும்.

விரல் சொல்லும்

இனிதான் கவனம் வேண்டும். மண்ணில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் அழுகும். இலை வாடும். "ஐயோ, தாகம் போலிருக்கிறது" என்று இன்னும் ஒரு குடம் ஊற்றுவோம். செடியின் கதை முடிந்தது!

ஆகவே, ஊற்றும் முன் விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் குடத்தைக் கீழே வையுங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். உச்சி வெயிலில் இலை துவண்டால் பதற வேண்டாம். மண்ணில் ஈரம் இருந்தால் மாலையில் தானே நிமிரும்.

இலை சுருண்டால்?

இலைப்பேனும் சிலந்திப் பூச்சியும் சாற்றை உறிஞ்சினால் இலை சுருளும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். கடும் கோடையில் பூ உதிர்வது உண்டு. வெயில் தணிந்தால் மறுபடி பிடிக்கும்.

கை எரிந்தால்?

மிளகாயின் காரம் விதையில் இல்லை. விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் மிகுதி. அது தண்ணீரில் எளிதில் கரையாது; எண்ணெயில் கரையும். கை எரிந்தால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். குழந்தை கடித்துவிட்டு அழுதால் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ நல்லது.

செழித்த செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் பழுக்க விடுங்கள். அடுத்த வருஷத்து விதை அதுதான்!