வண்ண மீன் தொட்டியில் சுண்ணாம்புச் சத்து

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டார விவசாயிகள் கொல்லையில் நாலைந்து சிமெண்டுத் தொட்டிகள் கட்டி வண்ண மீன் வளர்க்கலாம். இவ்வணிகத்துக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூர் எட்டும் தொலைவில்தான் உள்ளது. ஆனால் மீன் வாங்குமுன் தண்ணீரைக் கவனிக்க வேண்டும்.

புதுத் தொட்டியில் உடனே குஞ்சு விட்டால் மடிந்துவிடும். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு, கார அமில நிலையை 10க்கு மேல் ஏற்றிவிடும். நீர் நிரப்பி, வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு, சில நாள் ஊறவைத்து வடிக்க வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று வாரம் திரும்பத் திரும்பச் செய்து, அந்நிலை 8.5க்குக் கீழ் வந்தபின் முதலில் நாலு மீன் மட்டும் விட்டுப் பார்ப்பது நல்லது.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடின நீரானால் கப்பி, மோலி வளர்க்கலாம். நியான் டெட்ரா, டிஸ்கஸ் ஆகியவை மென்னீரில்தான் நன்கு குஞ்சு பொரிக்கும். விலைக்கு ஆசைப்பட்டு அவற்றில் இறங்குவோர் கையைச் சுட்டுக்கொள்வர்.

மழைநீரில் சுண்ணாம்புச் சத்து அநேகமாக இல்லை. காரத்தன்மை குறைந்த நீரில் கார அமில நிலை காலைக்கும் மாலைக்கும் தாவும்; மீன் தாங்காது. லிட்டருக்கு 75 முதல் 150 மி.கி. காரத்தன்மை இருக்கலாம். 1000 லிட்டருக்கு 85 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து, இரண்டு மூன்று நாளாகப் பிரித்து ஊற்றினால் சுமார் 50 மி.கி. உயரும். சலவைச் சோடா வேறு, அது ஆகாது. சமையல் சோடாவில் கால்சியம் கிடையாது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதற்குக் கழுவிய கிளிஞ்சலை வலைப்பையில் கட்டித் தொங்கவிடலாம். மெல்லக் கரைந்து இரண்டையும் தரும். சுட்ட சுண்ணாம்பை மீன் உள்ள தொட்டியில் இடவே கூடாது.

அடைமழையில் தொட்டி நிரம்பி வழிந்தால் மறுநாளே காரத்தன்மையைப் பாருங்கள். வண்ண மீன் கடைகளில் விற்கும் சொட்டுப் பரிசோதனைப் பெட்டியே போதும்.