பெயர் கேளாத சபை

அந்தி சாயும் வேளையில் ஓட்டமாவடிப் பாலத்தருகே சிறிது நேரம் நின்றால், வாவியில் தோணிகள் கரை திரும்புவதையும், மஃரிப் தொழுகைக்குப் பாங்கு ஒலித்ததும் கடைக்காரர்கள் பள்ளிவாயிலை நோக்கி விரைவதையும் காணலாம். மதுவை முற்றாக விலக்கிய மார்க்கத்தைப் பின்பற்றுவோர் மிகுந்த ஊர் இது. இவ்வூரில் குடிநோயைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் சினந்து கேட்கக்கூடும். அவசியம் உண்டு. குடிப்பவர் தொகை சிறிதாயுள்ள ஊரில்தான் குடிப்பவனின் தனிமை பெரிதாயிருக்கிறது.

அயலூர்த் தவறணைக்கு இருட்டிலே போய்வரும் ஒரு குடும்பத் தலைவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் குடியை விட விரும்புகிறார்; எத்தனையோ முறை சத்தியமும் செய்துவிட்டார். யாரிடம் போய்ச் சொல்வது? பள்ளிவாயிலில் சொன்னால் பாவி என்பார்களோ என்ற அச்சம். உறவினரிடம் சொன்னால் மகளின் கலியாணம் குழம்புமோ என்ற கவலை. மனைவியோ அடுத்த வீட்டு ராத்தாவிடம்கூட வாய் திறவாள். ஊராரின் நல்லொழுக்கமே இவ்வாறு நோயாளிக்குத் திரையாகி விடுகிறது. திரை மறைவில் நோய் முற்றுகிறது.

இத்தகைய மனிதருக்காகவே ஏற்பட்டதோ என எண்ணத்தக்க ஒரு கூட்டுறவு, 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அக்ரன் நகரில் உருவாயிற்று. வியாபார அலுவலாக அங்கு சென்று தோல்வியுற்ற பில் வில்சன் என்னும் பங்குத் தரகர், ஹோட்டலின் மதுக்கூடத்திலிருந்து எழுந்த ஆரவாரம் கேட்டுத் தடுமாறினார். அவர் குடியை விட்டு அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. மதுக்கூடத்துள் நுழையாமல் தொலைபேசியை எடுத்து, தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் டொக்டர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். கால் மணி நேரமே இருப்பேன் என்று வந்த டொக்டர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். குடிநோயைத் தம் சொந்த அனுபவத்தால் அறிந்து பேசிய முதல் மனிதரை அன்றுதான் கண்டதாக அவரே பின்னாளில் எழுதினார். எனினும் இடையில் ஒருமுறை வழுக்கி விழுந்தார். ஜூன் 10 ஆம் திகதி, சத்திரசிகிச்சை செய்யவேண்டிய கை நடுங்காதிருக்கும் பொருட்டுப் பில் கொடுத்த ஒரு போத்தல் பியரே அவர் அருந்திய கடைசி மது. அந்த நாளையே ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’ என்னும் அக்கூட்டுறவு தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

பெயர் சொல்லாமையே இதன் காவல். கூட்டத்துக்கு வருபவர் முதற்பெயரைக் கூறினாற் போதும், வருகைப் பதிவேடு இல்லை, கட்டணம் இல்லை. அறை வாடகைக்கும் தேநீருக்கும் இயன்றவர் இயன்றதைக் கொடுப்பர். ஒருவர் எழுந்து, தாம் எப்படி இருந்தார், என்ன நேர்ந்தது, இப்போது எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்வார். குறுக்கிட்டுப் புத்தி சொல்லும் வழக்கமில்லை. புதிதாய் வந்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேர்வதற்குத் தகுதி. சாராயக் குடிப்பும் கசிப்பும் தந்த அவமானத்தை மறைக்க வேண்டாத ஓரிடம் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, மறைத்துப் பழகியவர்களே அறிவர்.

இக்கூட்டுறவின் தொடக்கத்தில் கிறிஸ்தவச் சார்பு இருந்தது உண்மை. ஆயினும் இறைவனை அவரவர் அறிந்தவாறே கொள்ளலாம் என்று அதன் பன்னிரு படிகள் இடம் தருகின்றன. எனவே முஸ்லிம் ஒருவர் தம் ஈமானை வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை. திருக்குர்ஆனிலும் மது ஒரே நாளில் விலக்கப்படவில்லை. முதலில் அதன் தீமை நன்மையினும் பெரிது எனச் சுட்டப்பட்டது. பிறகு போதையோடு தொழுகையை அணுகுதல் தடுக்கப்பட்டது. அதன் பின்னரே முழு விலக்கு வந்தது. பழக்கத்தின் பிடி எத்தகையது என்பதை அறிந்தோர் இவ்வரிசையை மறக்கலாகாது.

தமிழ் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. சென்னையில், குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980 இல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அந்நிலையம் 1989 முதல் மஞ்சக்குடிக் கிராமத்தில் சிகிச்சை முகாம்களும் நடத்தியது. நகரத்து வைத்தியசாலையை நாடி ஏழை வரமாட்டான் என்று கைவிட்டுவிடாமல், சிகிச்சையே அவனுடைய ஊருக்குப் போயிற்று. ஓட்டமாவடிக்குக் கொள்ளத்தக்கது இந்த முறைதான் என்பது எம் எண்ணம்.

தேடுவோர் எங்கே தொடங்குவது? முதலில் வைத்தியரிடம். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ ஆலோசனை கேட்கலாம். தேசிய மனநல உதவிக்கு 1926 என்ற எண் இருக்கிறது. அருகில் எங்கே கூட்டம் நடைபெறுகிறது என்றும் அங்கேயே விசாரிக்கலாம். பயணம் செய்ய இயலாதவர், கைத்தொலைபேசி வழியே தமிழ்க் கூட்டங்களைத் தேடிச் சேரலாம்.

அருகில் கூட்டமே இல்லையெனில்? குடியை விடும் நோக்கத்துடன் இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழு என்பது அக்கூட்டுறவின் மரபு. தேநீர்க்கடையின் பின்னறை, வாரத்தில் ஒரு மணி நேரம், “காக்கா, நானும் இதே வழியில் வந்தவன்தான்” என்று சொல்ல ஒருவர்: வேறெதுவும் தேவையில்லை. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென ‘அல்-அனோன்’ என்ற தனிச் சபையும் 1951 இல் தோன்றியது. கணவர் வர மறுத்தாலும் மனைவி தனியே அதற்குப் போகலாம். அங்கும் முழுப்பெயரை யாரும் கேட்பதில்லை.